பின்பக்கமாகத் திறந்திருக்கும் மூக்கு

1969 செவர்லே கமாரோ காரின் 'கவுல் இண்டக்ஷன்' பானட்டை முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம் உறுத்தும். நடுவில் மேடாக எழும்பி நிற்கிற காற்றுத் துவாரம் கார் போகிற திசையைப் பார்த்து இருக்காது, ஓட்டுகிறவரைப் பார்த்தபடி முன் கண்ணாடியை ஒட்டித் திறந்திருக்கும். எஞ்சினுக்குக் காற்று இழுக்க வைத்த மூக்கை ஏன் திருப்பி வைத்தார்கள்?

கார் ஓடும்போது பானட் மேல் வழுக்கிக்கொண்டு வருகிற காற்று, முன் கண்ணாடியின் அடிவாரத்தில் (இந்த இடத்தைத்தான் கவுல் என்பார்கள்) வந்து முட்டி வேகம் குறைகிறது. வேகம் குறைகிற இடத்தில் அழுத்தம் ஏறும். பானட்டில் வரிசையாகக் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டி ஓட்டிப் பார்த்தால் கண்ணாலேயே தெரியும்: நடுவில் உள்ள நூல்கள் பின்பக்கமாகப் படுத்துக் கிடக்கும், கண்ணாடிக்கு அடியில் உள்ளவை ஒரு நிலையில் நிற்காமல் துடிக்கும், சில சமயம் முன்பக்கமாகவே திரும்பும். அழுத்தம் கூடிய, குளிர்ந்த காற்று அங்கே தேங்கி நிற்கிறது, அதைத்தான் கமாரோ குடிக்கிறது. ஆக்ஸிலேட்டரை ஆழமாக மிதிக்கும்போது உள்ளே ஒரு மூடி திறந்து அந்தக் காற்றைக் கார்புரேட்டருக்கு விடும். இன்றைய சாதாரணக் கார்களிலும் உட்புறத்துக்குக் காற்று எடுக்கும் சல்லடை பெரும்பாலும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

அப்போ முன்பக்கம் பார்த்த துவாரங்கள்? 'ராம் ஏர்' என்று பெயர் போட்டு விற்றவை. வேகமாகப் போனால் காற்று தானாக உள்ளே திணிக்கப்படும் என்பது நம்பிக்கை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 100 கிலோமீட்டரில் எதிர்க்காற்றை முழுதாகத் தடுத்து நிறுத்தினாலும் கிடைக்கிற கூடுதல் அழுத்தம் சுமார் 460 பாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் அரை சதவீதம்கூட இல்லை. 200-ல் போனால் நான்கு மடங்கு, அப்போதும் 2 சதவீதத்துக்குக் கீழேதான். உண்மையான லாபம் வெப்பநிலையில் இருக்கிறது. பானட்டுக்குள் 60 டிகிரியில் வெந்து கிடக்கிற காற்று, வெளியே 30 டிகிரியில் இருக்கிற காற்றைவிட அடர்த்தியில் சுமார் 9 சதவீதம் குறைவு. அடர்த்தி குறைந்தால் ஆக்சிஜன் குறைவு, எரிக்க முடிகிற பெட்ரோலும் குறைவு. அதனால் துவாரம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைவிட, வெளிக்காற்று எஞ்சின் சூட்டில் கலக்காமல் நேராக ஏர் ஃபில்டருக்குப் போகிறதா என்பதுதான் முக்கியம். பழைய காருக்கு இப்போது புது பானட் வாங்கிப் போடுகிறவர்கள் பலர் ஃபில்டருக்கும் பானட்டுக்கும் நடுவில் வருகிற அந்த ரப்பர் வளையத்தை விட்டுவிடுகிறார்கள், விலை அதிகமான பாகம்கூட இல்லை அது. வளையம் இல்லாத துவாரம் அழகுக்கு மட்டும்தான்.

சரி, பின்பக்கம் வருவோம். காரின் மேல்பக்கம் வளைவு, கீழ்ப்பக்கம் கிட்டத்தட்டத் தட்டை. கூரையைத் தாண்டும் காற்று வேகமெடுப்பதால் அங்கே அழுத்தம் விழுந்து, கார் மேல்நோக்கி இழுக்கப்படும். இந்தத் தூக்கு விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும், வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. டிக்கி மூடியின் விளிம்பில் ஸ்பாய்லர் என்கிற ஒரு சின்னத் தடுப்பு வைத்தால் அதன் முன்னால் காற்று கொஞ்சம் தேங்கும், தேங்கிய இடத்தில் அழுத்தம் ஏறி மூடியையே கீழே அழுத்தும். உயரமான விங் வேறு ஜாதி. அது தலைகீழாகத் திருப்பி வைத்த விமான இறக்கை, தானே கீழ்நோக்கி விசை உண்டாக்கும்.

ஸ்பாய்லரோ விங்கோ போடுகிறவர்கள் செய்கிற தப்பு, முன்பக்கத்தைக் கவனிக்காமல் பின்னால் மட்டும் போடுவது. விங் பின் சக்கரத்துக்கும் பின்னால் இருக்கிறது, அங்கே அழுத்தினால் சீசா மாதிரி முன்பக்கம் லேசாகிவிடும். நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டியரிங் பிடிமானம் குறையும். முன் பம்பருக்குக் கீழே ஒரு தடுப்புப் பட்டை போட்டால், காருக்கு அடியில் புகுகிற காற்று குறைந்து முன்பக்கத் தூக்கும் குறையும். ஃபோர்டின் 1969 பாஸ் 302 மஸ்டாங்கில் முன்னும் பின்னும் ஸ்பாய்லர் ஜோடியாக வந்ததற்கு இதுதான் அர்த்தம்.

இந்தக் கதையின் உச்சம் டாட்ஜ் சார்ஜர். 1968 மாடலின் முன் கிரில் ஆழமாக உள்ளே தள்ளி இருந்தது, பின் கண்ணாடி இரண்டு தூண்களுக்கு நடுவே குழியில் கிடந்தது. பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் நாஸ்கார் என்கிற அமெரிக்கக் கார் பந்தயத்தின் தடத்தில் முன்குழி காற்றை அள்ளிப் பிடித்தது, பின்குழி காற்றைச் சுழல வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கியது. சார்ஜர் 500 மாடலில் இரண்டு குழியையும் மட்டமாக்கினார்கள். போதவில்லை. 1969-ல் சார்ஜர் டேடோனா வந்தது: முன்னால் கூர்மூக்கு, பின்னால் சுமார் 23 அங்குல உயரத்தில் விங். அந்த உயரத்தில் கூரையின் கலங்கிய காற்றுக்கு மேலே சுத்தமான காற்று கிடைக்கிறது, பக்கவாட்டுத் துடுப்புகள் அம்பின் இறகு மாதிரி காரை நேராக வைத்திருக்கின்றன. 1970 மார்ச் 24 அன்று டல்லடேகா பந்தயத் தடத்தில் ஓட்டுநர் பட்டி பேக்கர் இந்தக் காரில் மணிக்கு 200.447 மைல் ஓட்டினார். சுற்றுப் பந்தயத் தடத்தில் 200 மைலைத் தாண்டிய முதல் நாஸ்கார் கார் இது. 1971-ல் இறக்கை வைத்த கார்களுக்கு எஞ்சின் 305 கன அங்குலத்துக்கு மேல் கூடாது என்று விதி வந்தது. 426 கன அங்குல 'ஹெமி' எஞ்சினோடு ஓடிய இறக்கைக் கார்களுக்கு அதோடு ஆட்டம் முடிந்தது.

1970-ல் பிளைமவுத் நிறுவனம் இதே வழியில் சூப்பர்பேர்ட் என்கிற காரை இறக்கியது. முந்தின வருஷம் ஃபோர்டுக்குப் போயிருந்த பந்தய ஓட்டுநர் ரிச்சர்ட் பெட்டி இதற்காகத் திரும்பி வந்தார். கடையில் விற்ற சூப்பர்பேர்டுகளின் கூரையில் கறுப்பு வினைல் போர்த்தியிருக்கும். ஆடம்பரம் என்று நினைப்போம். பின் கண்ணாடியை மாற்றி வைத்ததில் வந்த தகட்டு ஒட்டுகளைத் தேய்த்து மெழுகி முடிக்க நேரமாகும், அதை மறைக்கத்தான் அந்தத் துணி. வினைல் ஓரத்தில் நுழைந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் தங்கி, கூரையை உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும். வெளியே வினைல் புதுசு மாதிரி இருக்கும், விரலால் அழுத்தினால் மொறுமொறுவென்று சத்தம் கேட்கும்.

பளபளக்கிற பட்டைகளின் கதையும் ஈரத்தில்தான் முடிகிறது. கண்ணாடியைச் சுற்றி வரும் பட்டைகளில் பல எவர்சில்வர். துருப்பிடிக்காது, நெளிந்தால் உள்பக்கமிருந்து சின்னச் சுத்தியலால் தட்டி நேராக்கலாம், 320 நம்பரில் ஆரம்பித்து 600, 1000 என்று உப்புத்தாள் போட்டு பஃபிங் சக்கரத்தில் காட்டினால் கண்ணாடி மாதிரி மின்னும். துத்தநாகக் கலவையில் வார்த்த கைப்பிடி, எழுத்துச் சின்னங்கள் அப்படியில்லை. மேலே தாமிரம், நிக்கல், கடைசியில் ஒரு மைக்ரானுக்கும் குறைவான குரோமியம். நாம் ரசிக்கிற மினுக்கு பெரும்பாலும் நிக்கலுடையது, குரோமியம் அது மங்காமல் காக்கிற மெல்லிய போர்வை. நுண்துளை வழியாக ஈரம் கீழே போய்விட்டால் துத்தநாகம் அரித்து, பரு மாதிரி கொப்புளம் கிளம்பும். அதைச் சுரண்டி எடுத்து, குழியை நிரப்பி, தாமிரத்தைத் தடிப்பாக ஏற்றித் தேய்த்து, மறுபடி ஏற்றித் தேய்த்து, அப்புறம்தான் நிக்கல். முலாம் போடுகிற கூலி ஏன் அவ்வளவு என்று கேட்பவர்கள் இந்த வேலையை ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

எவர்சில்வர் பட்டையிடமும் எச்சரிக்கை வேண்டும். அதற்குத் துருப்பிடிக்காது, ஆனால் பக்கத்தில் உள்ள இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். இரண்டு உலோகம், நடுவில் உப்பு கலந்த ஈரம், அவ்வளவுதான், ஒரு சின்ன பேட்டரி தயார். அதில் கரைவது எப்போதும் பாடியின் சாதா இரும்பு. பட்டை பெரிதாகவும் பெயின்ட் உரிந்த இடம் சிறிதாகவும் இருந்தால், மொத்த அரிப்பும் அந்த ஒரு புள்ளியில் குவியும். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவுகிற அமெரிக்காவின் மிச்சிகன், ஒஹையோ பக்கத்துக் கார்களில் பட்டையின் கிளிப் இருந்த இடங்களில் வரிசையாக ஓட்டை விழுந்திருப்பது இப்படித்தான்.

அதனால் ஸ்பாய்லர் போட டிக்கியில் துளை போடும்போது, சுற்றிலும் டேப் ஒட்டிவிட்டுப் போடுங்கள், இரும்புத் தூளை உடனே ஊதித் தள்ளுங்கள், இல்லாவிட்டால் அதுவே பெயின்டில் உட்கார்ந்து துருப்புள்ளியாகும். துளையின் பெயின்ட் இல்லாத வெறும் விளிம்பில் துத்தநாக ப்ரைமர் இரண்டு கோட் தடவிக் காயவிடுங்கள். பட்டையையோ ஸ்பாய்லரையோ வைக்கும்போது நடுவில் பியூட்டைல் டேப் (பசை மாதிரி ஒட்டுகிற ரப்பர் நாடா) போட்டு, நட்டை ஒரே மூச்சில் முறுக்காமல் மாற்றி மாற்றி முறுக்குங்கள். கறுப்புப் பசை நான்கு பக்கமும் ஒரே அளவில் பிதுங்கி வந்தால் தண்ணீர் புக இடமில்லை என்று அர்த்தம், பிதுங்கியதை பிளாஸ்டிக் துண்டால் வழித்துவிடலாம்.