ஈரானில் முகம் வரைவது கலகமா?

"இஸ்லாமில் உருவம் வரையத் தடை, ஆகவே ஈரானில் ஒருவர் முகத்தை வரைவதே கலகம்." இந்த மாதமும் ஒரு மாணவர் கட்டுரை இப்படித்தான் தொடங்கியது. ஓவியம் கற்பிக்கும் எனக்கு இதைத் திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈரானை ஆண்ட ஃபத் அலி ஷா, இடுப்புவரை தொங்கும் தாடியோடு தன்னை ஆளுயர எண்ணெய் வண்ணப் படங்களாக வரையச் சொல்லி, வெளிநாட்டு அரசர்களுக்கே பரிசாக அனுப்பினார். காபிக்கடைச் சுவர்களில் பாரசீகக் காவியமான ஷாநாமாவின் வீரர்களும், ஷியாக்கள் துக்கம் காக்கும் கர்பலா போரின் தியாகிகளும் இருந்தார்கள். இன்றும் தெஹ்ரான் கட்டடங்களில் போரில் இறந்தவர்களின் முகங்கள் மாடி உயரத்துக்கு நிற்கின்றன. வரையச் சொன்னதே அரசுத் தரப்புதான். இதில் கலகம் எங்கே? பள்ளிவாசலுக்குள் உருவம் இருக்காது, சரி. அது வேறு சங்கதி.

இந்தப் பின்னணி தெரியாமல் ஈரானிய ஓவியர் கோஸ்ரோ ஹசன்சாதேவின் படங்களுக்கு விளக்கம் எழுத வராதீர்கள். 1963இல் தெஹ்ரானில் அசெரி என்ற துருக்கிய மொழி பேசும் இனக் குடும்பத்தில் பிறந்தவர். ஈரான்-இராக் போருக்குத் தானாக முன்வந்து போனவர். 2004இல் தன்னையும் அம்மாவையும் சகோதரிகளையும் சில்க் ஸ்கிரீன் என்ற துணிவலை அச்சு முறையில் பெரிதாக அச்சிட்டு, அந்த வரிசைக்கு 'பயங்கரவாதி' என்று பெயர் வைத்தார். ஒவ்வொரு படத்துக்கும் பெயர், நாடு, மதம் என்று போலீஸ் பதிவேடு மாதிரி ஒரு குறிப்பு. அதற்கு மேலே, பக்தியும் குடும்பமுமாக வாழ்ந்த ஒரு வயதான அம்மா. வெளியுலகம் ஒட்டும் முத்திரையையும் வீட்டு முகத்தையும் ஒரே சட்டத்துக்குள் மோதவிடுகிறார். இதில் முக்காட்டை மட்டும் பார்த்து 'ஒடுக்கப்பட்ட பெண்' என்று எழுதினால் என்ன சொல்வது?

ஈரானின் மஷ்ஹத் நகரில் தொடர்கொலையாளி ஒருவனால் கொல்லப்பட்ட பாலியல் தொழிலாளர்களையும் 2002இல் வரைந்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது போலீஸ் புகைப்படங்களை. அதையும் கவனியுங்கள்.

'பயங்கரவாதி' படங்களைப் பகிரும்போது அந்தப் பதிவேட்டுக் குறிப்பை வெட்டாதீர்கள். படத்தில் பாதி அதுதான். ஒரு முகத்தை மட்டும் தனியே எடுத்துப் போடாதீர்கள். வரிசையின் பெயரும் ஆண்டும் கூடவே வரட்டும். பத்திரிகை நண்பர்களே, ஈரான் போராட்டச் செய்திக்கெல்லாம் இதை அலங்காரப் படமாக வைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். 2023இல் அவர் மெத்தனால் நச்சால் இறந்தார். அந்தச் சாவையும் அவர் ஓவியங்களுக்கு உரையாக்க வேண்டாம்.