பழைய லேப்டாப்பில் திரைக் கோளாறு: டிரைவர் மேல் பழி போடுவதற்கு முன்

திரையில் கோடு விழுந்தாலும், படம் விட்டு விட்டு ஓடினாலும், ஸ்கிரீன் கறுத்துப் போய்த் திரும்பி வந்தாலும் முதல் பழி வீடியோ டிரைவர் (கிராஃபிக்ஸ் சிப்பை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) மேல்தான். உடனே இணையத்தில் 'டிரைவர் அப்டேட்டர்' ஒன்றை இறக்கி ஓடவிடுகிறார்கள். பத்து வருடப் பழைய லேப்டாப்பில் அதைவிட மோசமான வைத்தியம் கிடையாது. அந்த மென்பொருள் பெரும்பாலும் பார்ப்பது தேதியைத்தான். புதுத் தேதி போட்ட டிரைவர் உங்கள் மாடலுக்குச் சரியாகப் பொருந்துமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கூடவே வேண்டாத புரோகிராம்களையும் ஏற்றிவிட்டுப் போகலாம்.

முதலில் டிரைவர்தான் காரணமா என்று பாருங்கள். லேப்டாப்பை ஆன் செய்ததும் எஃப்2 அல்லது எஃப்10 தட்டி (கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்குவதற்கு முன் வரும் அமைப்புத் திரை) போய்ப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். விண்டோஸ் டிரைவர் அங்கே இன்னும் ஏறியிருக்காது. அங்கேயே கோடும் நடுக்கமும் தெரிந்தால் எந்த டிரைவரை மாற்றியும் பயனில்லை. அடுத்து வெளி மானிட்டரையோ டிவியையோ இணையுங்கள். அதில் படம் சுத்தமாக வந்து லேப்டாப் திரையில் மட்டும் கோடு இருந்தால் கோளாறு பேனலிலோ (திரைப் பலகை) டிஸ்ப்ளே கேபிளிலோதான். மூடியை மெல்ல முன்னும் பின்னும் அசைக்கும்போது கோடு வந்து போனால், கீல் பக்கம் கேபிள் நைந்திருக்கிறது என்று பெரும்பாலும் முடிவு கட்டிவிடலாம்.

இரண்டு திரையிலும் ஒரே மாதிரி வண்ணப் புள்ளிகள் தெரிந்தால், கிராஃபிக்ஸ் சிப்பைக் குறை சொல்வதற்கு முன் ரேமைப் பாருங்கள். இன்டெல் ஆன்போர்டு கிராஃபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது, ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். ரேமைக் கழற்றித் துடைத்து, ஒவ்வொன்றாக ஒவ்வொரு ஸ்லாட்டிலும் போட்டுப் பார்த்தால் குற்றவாளி தெரிந்துவிடும்.

பயாஸில் சுத்தம், விண்டோஸுக்குள் வந்ததும் தொல்லை என்றால் டிவைஸ் மேனேஜரை (ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்தால் கிடைக்கும்) திறந்து 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' பாருங்கள். 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் சிப்புக்குரிய டிரைவர் ஏறவே இல்லை என்று அர்த்தம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது, ரெசல்யூஷன் மாற்ற முடியாது, வெளி மானிட்டர் வேலை செய்யாது, படம் வரையும் வேலை முழுக்க பிராசஸர் தலையில் விழும். மஞ்சள் முக்கோணமும் 'கோட் 43'ம் தெரிந்தால், சிப்பிலிருந்து பிழை வந்ததால் விண்டோஸ் அதை நிறுத்தி வைத்திருக்கிறது. சுத்தமாக டிரைவர் போட்ட பிறகும் 43 மறையவில்லை என்றால் பெரும்பாலும் சிப் போய்க்கொண்டிருக்கிறது.

எந்தச் சிப் என்று பெயரை வைத்து ஊகிக்க வேண்டாம். அதே அடாப்டரின் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ், ஹார்ட்வேர் ஐடிஸ் என்று போனால் ஒரு நீளமான வரி இருக்கும். அதில் தயாரிப்பாளர் எண் 8086 என்றால் இன்டெல், 1002 என்றால் ஏஎம்டி, 10டிஇ என்றால் என்விடியா. அடுத்து வரும் சாதன எண்தான் சரியான மாடல். பெயர் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு என்விடியா 820எம் நல்ல உதாரணம்: 2014-ல் வந்த அட்டை, உள்ளே இருப்பது 2010 காலத்து ஃபெர்மி தலைமுறைச் சிப். ஃபெர்மிக்கான டிரைவர் 2018-ல் 391.35-உடன் நின்றுவிட்டது. அதற்கு அடுத்த கெப்ளர் தலைமுறை லேப்டாப் சிப்களுக்கு 2019-ல் வந்த 425.31 வரிசையோடு வழக்கமான டிரைவர் முடிந்தது. ஏஎம்டி ரேடியான் எச்டி 5000, 6000 வரிசைகள் 2015-லேயே ஓய்வு பெற்றுவிட்டன. இவற்றுக்கு 'லேட்டஸ்ட்' டிரைவர் தருகிறேன் என்று எந்தத் தளமாவது சொன்னால் அந்த டேபை மூடிவிடுங்கள்.

சர்வீஸுக்கு அடிக்கடி வரும் இன்டெல் எச்டி 3000 தனிக் கதை. 2011-ல் இரண்டாம் தலைமுறை கோர் பிராசஸர்களோடு வந்தது. விண்டோஸ் 10-க்கென்று இன்டெல் இதற்கு டிரைவர் வெளியிடவில்லை. விண்டோஸ் 7, 8-க்காக வந்த 9.17.10 வரிசைதான் அதிலும் ஓடுகிறது. இன்ஸ்டாலரை நேரடியாக ஓடவிட்டால் இந்தக் கம்ப்யூட்டர் பொருந்தாது என்று சொல்லி மறுக்கலாம். அப்போது டிரைவரின் ஜிப் கோப்பை விரித்து வைத்துக்கொண்டு, டிவைஸ் மேனேஜரில் அப்டேட் டிரைவர், பிரவுஸ் மை கம்ப்யூட்டர், லெட் மீ பிக், ஹேவ் டிஸ்க் என்று போய், கிராஃபிக்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஐஎன்எஃப் கோப்பை (எந்தச் சிப்புக்கு எந்த டிரைவர் என்று விண்டோஸுக்குச் சொல்லும் கோப்பு) கையால் காட்டுங்கள். ஏறிவிடும். அப்புறமும் 3டி மென்பொருள் சில, ஓபன்ஜிஎல் (3டி படம் வரைவதற்கான பொது மென்பொருள் தரம்) 1.1 தான் இருக்கிறது என்று சொல்லித் திறக்க மறுக்கும். சிப்புக்கு 3.1 வரை திறன் உண்டு. விண்டோஸ் 10-ல் இந்தப் பழைய டிரைவர் வழியாக அது சரிவரக் கிடைப்பதில்லை. வேறு டிரைவர் தேடி அலைய வேண்டாம்.

இன்டெல்லும் என்விடியாவும் சேர்ந்திருக்கும் லேப்டாப்பில் வரிசை முக்கியம். இந்த மாடல்கள் பெரும்பாலானவற்றில் திரைக்கு ஒயர் போவது இன்டெல்லிலிருந்துதான். ஆகவே இன்டெல் டிரைவர், ஒரு ரீஸ்டார்ட், அதன் பிறகே என்விடியா. இன்டெல்லோடு பழைய ரேடியான் சேர்ந்திருந்தால் தனித்தனியாகப் போட்டுச் சிக்கிக்கொள்ளாதீர்கள். லேப்டாப் கம்பெனி தன் தளத்தில் இரண்டையும் சேர்த்துத் தரும் ஒற்றைத் தொகுப்பே பொருந்தும், தேதி 2013 என்று இருந்தாலும்.

பழைய டிரைவரின் மிச்சங்களைத் துடைக்க 'டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்' நல்ல கருவி, இலவசம். ஆனால் அவசரம் கூடாது. தேவையான டிரைவர்களை முதலிலேயே இறக்கி பென்டிரைவில் வையுங்கள். ரீஸ்டோர் பாயின்ட் ஒன்று போடுங்கள். வைஃபையை அணையுங்கள், இல்லையென்றால் நீங்கள் துடைத்து முடிப்பதற்குள் விண்டோஸ் அப்டேட் தன் டிரைவரைத் திணித்துவிடும். துடைக்கும் வேலை நடப்பது சேஃப் மோடில், அதாவது அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் திறக்கும் முறையில். அங்கே பின் (PIN) எண் சில நேரம் ஏற்கப்படாது, அதனால் அக்கவுண்ட் பாஸ்வேர்டு நினைவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாதி வேலையில் உள்ளே நுழைய முடியாமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. சேஃப் மோடில் துடைத்து, ரீஸ்டார்ட் செய்து, சரியான டிரைவரைப் போட்ட பிறகே இணையம். பின்னாளில் அப்டேட் வந்து மாற்றிவிட்டால் 'ரோல் பேக் டிரைவர்' இருக்கிறது.

திரை ஓரிரு வினாடி கறுத்து, 'டிஸ்ப்ளே டிரைவர் நின்று மீண்டுவிட்டது' என்று செய்தி வருகிறதா? விண்டோஸ் நடப்புகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு பதிவாகியிருக்கும். சிப் 2 வினாடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் டிரைவரை ரீஸ்டார்ட் செய்கிறது, அவ்வளவுதான். இந்த 2 வினாடியை ரெஜிஸ்ட்ரியில் பத்தாக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய. அது நோயை மறைக்கும். பழைய லேப்டாப்பில் முதலில் சந்தேகிக்க வேண்டியது சூட்டை: எச்டபிள்யூஇன்ஃபோ என்ற வெப்பம் காட்டும் மென்பொருள் போட்டு, வீடியோ ஓடும்போது சிப்பின் வெப்பம் 90 டிகிரியைத் தொடுகிறதா பாருங்கள். ஃபேன் துடுப்புகளுக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே தூசி மெத்தை மாதிரி படிந்திருக்கும், சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே தடவிய பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருக்கும். இரண்டையும் சரி செய்தால் 4101 நின்றுவிடுவது பல முறை கண்டது. சிப்பையே ஹீட் கன்னால் சூடாக்கி 'சரி' செய்து தருகிறவர்களிடம் பணம் கொடுக்க வேண்டாம். சில வாரங்களில் அதே கோளாறு திரும்பும்.

யூடியூப் மட்டும் திக்கித் திணறுகிறது, மற்றதெல்லாம் நன்றாக ஓடுகிறது என்றால் அதுவும் டிரைவர் இல்லை. யூடியூப் இப்போது பெரும்பாலும் விபி9, ஏவி1 வடிவங்களில் வீடியோ அனுப்புகிறது. யூடியூப் பயன்படுத்தும் வடிவங்களில் 2011, 2012 சிப்களுக்குப் பழைய எச்.264 மட்டுமே வன்பொருளில் பிரிக்கத் தெரியும், மற்றவற்றைப் பிராசஸர்தான் பிரிக்க வேண்டும். எச்264இஃபை போன்ற பிரவுசர் எக்ஸ்டென்ஷன் போட்டால் யூடியூப் பழைய வடிவத்திலேயே அனுப்பும், பிராசஸரின் மூச்சிரைப்பு அடங்கும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால் பலர் 11-ஐக் குறுக்கு வழியில் ஏற்றுகிறார்கள். அதற்கு முன் விண்டோஸோடு வரும் டிஎக்ஸ்டயாக் என்ற சோதனைக் கருவியை ஓடவிட்டு, டிஸ்ப்ளே டேபில் 'டிரைவர் மாடல்' வரியைப் பாருங்கள். 11 கேட்பது டபிள்யூடிடிஎம் (விண்டோஸ் டிஸ்ப்ளே டிரைவர்களுக்கான கட்டமைப்பு) 2.0, எச்டி 3000, 4000 இரண்டும் 1-ல் தொடங்கும் எண்ணையே காட்டும். இப்படிப்பட்ட இன்டெல் லேப்டாப்புக்கு லினக்ஸ் மின்ட் மேல், ஏனென்றால் அங்கே டிரைவர் கெர்னலோடு (லினக்ஸின் மையப் பகுதி) சேர்ந்தே வருகிறது. இன்ஸ்டால் செய்யும்போது திரை கறுத்தால் லினக்ஸைத் தொடங்கி வைக்கும் கிரப் மெனுவில் 'நோமோட்செட்' (கிராஃபிக்ஸ் டிரைவரை ஒதுக்கி வைக்கச் சொல்லும் சொல்) சேர்த்து உள்ளே போவார்கள். போனவர்கள் அதை எடுக்க மறந்துவிடுகிறார்கள். பிறகு சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் படம் வரைவது எது என்று சொல்லும் ரெண்டரர் வரி 'எல்எல்விஎம்பைப்' என்று காட்டினால் வேலை பிராசஸர் தலையில், கிராஃபிக்ஸ் சிப் சும்மா உட்கார்ந்திருக்கிறது; கிரப் அமைப்பிலிருந்து அந்தச் சொல்லை நீக்கி, அப்டேட் செய்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள்.