மன உறுதியால் நிறுத்தக் கூடாத மாத்திரை

நடுத்தர வயதைக் கடந்த ஒருவர் வலிப்புடன் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்படுகிறார். இதற்கு முன் அவருக்கு வலிப்பு வந்ததில்லை. தலையில் அடிபடவில்லை, காய்ச்சல் இல்லை, இரத்தத்தில் சர்க்கரையும் சோடியமும் சரியாக உள்ளன, மூளை ஸ்கேனிலும் குறை தெரியவில்லை. இப்படிப்பட்டவரிடம் நரம்பியல் மருத்துவர் தவறாமல் கேட்கும் கேள்வி, அண்மையில் எந்த மாத்திரையையாவது நிறுத்தினீர்களா என்பதுதான். அண்மையில் வந்தவரும் நிறுத்தியிருந்தார். பதற்றத்துக்கும் உறக்கத்துக்கும் தரப்படும் அல்பிரசோலம் மாத்திரையைப் பல ஆண்டுகளாக இரவுதோறும் எடுத்துக்கொண்டிருந்தவர், இனி இது வேண்டாம் என்று ஒரே நாளில் முடிவெடுத்து, மிச்சமிருந்த அட்டையையும் குப்பையில் எறிந்திருக்கிறார். மூன்றாம் நாள் வலிப்பு வந்துவிட்டது. உடன் வந்தவர், "அவருக்கு மன உறுதி அதிகம், டாக்டர்" என்றார். இந்தப் பாராட்டை இத்தகைய நோயாளிகளின் படுக்கையருகே இன்னும் எத்தனை முறைதான் கேட்பது என்ற சலிப்பில்தான் இதை எழுதுகிறேன்.

அல்பிரசோலம், குளோனசெபாம், லோரசெபாம், டயஸெபாம் ஆகியவை பென்சோடயஸெபைன் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தில் முதலாவதான குளோர்டயஸெபாக்சைடு 1960-இலும், டயஸெபாம் 1963-இலும் விற்பனைக்கு வந்தன. நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்களை நரம்பியக்கடத்திகள் என்போம்; மூளையை அடக்குபவற்றில் முதன்மையானது காபா. நரம்பணுவின் மேலுள்ள தன் ஏற்பியில் அது அமரும்போது அங்குள்ள வாயில் திறந்து, குளோரைடு அயனிகள் நரம்பணுவுக்குள் நுழைந்து அதன் துடிப்பைத் தணிக்கின்றன. பென்சோடயஸெபைன்கள் தாமாக அந்த வாயிலைத் திறப்பதில்லை. காபா திறக்கும்போது அது மேலும் அடிக்கடி திறக்குமாறு செய்கின்றன. மூளையில் அச்சத்தை ஆளும் அமிக்டலாவில் இது பதற்றத்தைக் குறைக்கிறது. நினைவுக்கான பகுதியான ஹிப்போகேம்பஸில் புதிய நினைவுகள் பதிவதைக் கெடுக்கிறது. சிறுமூளையில் நடையைத் தள்ளாட வைக்கிறது. முதியவர்கள் இரவில் கழிவறைக்குச் செல்லும் வழியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதில் இம்மாத்திரைகளுக்குப் பங்குண்டு. ஆனால் இன்றைய என் சினம் மாத்திரையின் மீது அல்ல. அதை நிறுத்தும் விதத்தின் மீது.

நாள்தோறும் வெளியிலிருந்து அடக்கும் விசை வந்துகொண்டிருந்தால் மூளை சும்மா இருப்பதில்லை. சில வாரங்களிலேயே காபா ஏற்பிகளின் மறுமொழி மந்தமாகிறது. எதிர்ப்புறத்தில், நரம்பணுக்களைத் தூண்டும் குளூட்டமேட் அமைப்பு வலுப்பெறுகிறது. இழு கயிற்றுப் போட்டியில் ஒரு பக்கத்தார் மேலும் மேலும் இழுக்க, மறு பக்கத்தாரும் அதற்கேற்பக் காலை ஊன்றி இழுக்கும் நிலை இது. அந்நிலையில் ஒரு பக்கத்தார் திடீரெனக் கயிற்றை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. கை நடுக்கம், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, ஒளியும் ஓசையும் தாங்க முடியாமை, முன்பைவிட மோசமான உறக்கமின்மை ஆகியவை தோன்றும். சிலருக்கு மனக்குழப்பமும் வலிப்பும் வரும். உயிருக்கே ஆபத்து நேரலாம்.

இதில் மன உறுதிக்கு எந்த இடமும் இல்லை என்பதை எத்தனை விதமாகச் சொன்னாலும் நம்ப மறுக்கிறார்கள். ஐயம் தீராதவர்களுக்கு ஒரு சான்று சொல்கிறேன். ஃப்ளுமசெனில் என்றொரு முறிமருந்து எங்களிடம் உண்டு. பென்சோடயஸெபைன் அமரும் அதே இடத்தைப் பிடித்துக்கொண்டு அதை வெளியேற்றிவிடும். அளவுக்கு மீறி மாத்திரை விழுங்கி நினைவிழந்து கிடக்கும் எல்லோருக்கும் அதை நாங்கள் செலுத்திவிடுவதில்லை. ஏனெனில் நீண்ட காலமாக இம்மாத்திரைக்குப் பழகியவருக்கு அதைக் கொடுத்தால் உடனே வலிப்பு வரக்கூடும். அவர் எந்த முடிவும் எடுக்கவில்லை, எந்தச் சபதமும் செய்யவில்லை, மயக்கத்தில்தான் கிடக்கிறார். ஆயினும் ஏற்பியிலிருந்து மருந்து விலகியதுமே மூளை கொந்தளிக்கிறது. உறுதியான மனம் கொண்டவரின் நரம்பணுவுக்கும் தளர்ந்த மனம் கொண்டவரின் நரம்பணுவுக்கும் இதில் வேறுபாடு கிடையாது. ஆகவே, நிறுத்த முயன்று தோற்றவரைக் கோழை என்று ஏசுவதும் அறியாமைதான். மருத்துவர் எழுதிய அளவை ஒருபோதும் மீறாத, போதையை நாடாத ஒருவரின் உடலும் இம்மாத்திரையைச் சார்ந்துவிடும்.

அடுத்து, "அரை மில்லிகிராம்தானே" என்னும் வாதம். மில்லிகிராம் எண்ணைக் கொண்டு மருந்தின் வீரியத்தை அளக்காதீர்கள். அரை மில்லிகிராம் அல்பிரசோலம் சுமார் 10 மில்லிகிராம் டயஸெபாமுக்கு ஈடு என்று மருத்துவர்கள் பயன்படுத்தும் ஈட்டு அட்டவணைகள் பல காட்டுகின்றன. மேலும் அல்பிரசோலத்தின் அரை ஆயுட்காலம், அதாவது இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஏறத்தாழ 11 மணி நேரமே என்பதால், நிறுத்திய ஓரிரு நாளிலேயே தொல்லை தொடங்கிவிடும். டயஸெபாமோ உடலில் நெடுநேரம் தங்குவதால் ஒரு வாரம் வரை ஒன்றும் நேராமல் இருந்து, "பார்த்தீர்களா, எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று நோயாளி மகிழ்ந்திருக்கும் வேளையில் தொல்லை வரக்கூடும்.

முறையாக நிறுத்த வழி இருக்கிறது. அதற்குப் பொறுமை வேண்டும். பொதுவாக, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, அப்போது எடுத்துவரும் அளவில் 5 முதல் 10 விழுக்காடு வரை குறைத்து, உடல் எப்படி ஏற்கிறது என்று பார்த்த பின்னரே அடுத்த குறைப்புக்குச் செல்வோம். சிலருக்கு இது மாதக்கணக்கில் நீளும். ஆண்டைத் தாண்டுவோரும் உண்டு. இந்த அளவுகளைப் படித்துவிட்டு வீட்டிலேயே பிளேடால் மாத்திரையை நறுக்கத் தொடங்காதீர்கள். முன்பே வலிப்பு வந்தவர்கள், கருவுற்றவர்கள், மது அருந்துவோர் ஆகியோருக்குத் திட்டம் முற்றிலும் வேறு. இடையில் தூக்கம் கெட்டால், பழைய நோய் திரும்பிவிட்டது என்று எண்ணி அளவை நீங்களாகவே கூட்டாதீர்கள். அது பெரும்பாலும் மருந்து உடலைவிட்டு விலகுவதன் விளைவுதான். நிறுத்திய இடத்தை மதுவால் நிரப்புவோரும் உண்டு. மதுவும் அதே காபா ஏற்பியைத்தான் தொடுகிறது. மாத்திரையோடு மதுவையோ மார்ஃபின் போன்ற ஓப்பியாய்டு வலிநிவாரணிகளையோ சேர்த்தால் மூளைத்தண்டின் சுவாச மையம் அடங்கி, மூச்சே நின்றுவிடலாம். ஓப்பியாய்டுகளோடு சேர்ப்பது பற்றிய கடுமையான எச்சரிக்கையை 2016-இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் மருந்துக் குறிப்பில் கட்டமிட்டு அச்சிட வைத்தது.

இன்னும் தொடங்காதவர்களுக்கு: நாட்பட்ட உறக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, உறக்கம் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் அறிதல் நடத்தைச் சிகிச்சை. மாத்திரை தேவைப்பட்டாலும் சில வாரங்களுக்கு மட்டுமே. எந்த நாளில் நிறுத்துவது, எப்படி நிறுத்துவது என்பதை முதல் சீட்டு எழுதும்போதே மருத்துவரிடம் கேளுங்கள்; கேட்டால் சினங்கொள்பவராயின் வேறு மருத்துவரைப் பாருங்கள்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். வேறு ஏதோ காரணத்துக்காக, எலும்பு முறிவுக்கோ குடலிறக்க அறுவைக்கோ, மருத்துவமனையில் சேரும்போது இரவில் போடும் இந்த மாத்திரையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதை மருந்தாகவே கருதுவதில்லை, அல்லது சொல்லக் கூச்சப்படுகிறார்கள். அறுவை நன்றாக முடிந்த சில நாட்களில் நோயாளி நடுங்குகிறார், இல்லாதவற்றைக் காண்கிறார், ஊசிக்குழாயைப் பிடுங்குகிறார். கிருமித் தொற்றா, பக்கவாதமா என்று நாங்கள் தேடிக்கொண்டிருப்போம். சேர்க்கையின்போது மாத்திரையின் பெயர், அளவு, எத்தனை ஆண்டுகளாக எடுக்கிறீர்கள், கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்ற நான்கையும் எழுதி மயக்கவியல் மருத்துவரிடம் கொடுத்துவிடுங்கள். நாங்கள் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டோம்.