மட்டி வாய் திறந்திருக்கும்போதே கொல்ல வேண்டும்: குழாய்களில் பாக்டீரியா சிகிச்சை

வரிக்குதிரை மட்டியும் குவாகா மட்டியும் நன்னீரில் வாழும் இரட்டை ஓட்டுச் சிப்பி வகைகள். பெரும்பாலும் விரல்நகம் அளவே இருக்கும். நீர் எடுக்கும் குழாய்களையும் மின்நிலையங்களின் குளிர்விப்பு அமைப்புகளையும் பராமரிப்பது என் தொழில். இதில் இவ்வளவு சிறிய உயிர்கள் இவ்வளவு பெரிய சேதம் செய்வதைப் பார்த்துப் பழகிவிட்ட பிறகும், அடைபட்ட குழாயைத் திறக்கும்போது மனம் பதறத்தான் செய்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, தண்ணீர் போக விரற்கடை இடம்கூட விடாமல் அடைத்திருக்கும்.

கருங்கடல், காஸ்பியன் கடல் வடிநிலங்கள்தான் இவற்றின் பூர்வீகம். கப்பல்களின் அடித்தொட்டி நீரில் பயணித்து வட அமெரிக்காவுக்கு வந்தன. 1988இல் செயின்ட் கிளேர் ஏரியில் வரிக்குதிரை மட்டி கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டே மிச்சிகன் மாநிலத்தின் மன்றோ நகரில் குடிநீர் எடுக்கும் குழாய் அடைபட்டது. 2007இல் கொலராடோ ஆற்றின் மீட் ஏரியில் குவாகா மட்டி தென்பட்டது. நடுவில் இருக்கும் மலைகளையும் பாலைவனத்தையும் அது நீந்திக் கடக்கவில்லை. ஏற்றிச் சென்றவை படகுகள்.

ஒரு பெண் மட்டி ஆண்டுக்குப் பத்து லட்சம் முட்டைகள் வரை இடக்கூடியது. முட்டையிலிருந்து வரும் குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவில் நீரோடு மிதந்து, சாதாரணச் சல்லடைகளைத் தாண்டிக் குழாய்க்குள் போய்விடும். அங்கே உறுதியான நூல்களைச் சுரந்து சுவரைப் பற்றிக்கொள்ளும்.

பெரும்பாலான நிலையங்கள் குளோரினைத்தான் நம்பியிருக்கின்றன. ஆனால் குளோரின் வந்ததுமே மட்டி அதை உணர்ந்து தன் ஓடுகளை இறுக மூடிக்கொள்ளும். இரண்டு மூன்று வாரம்கூட உள்ளே அடங்கிக் கிடக்கும். அதுவரை நாம் குளோரினை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நீரிலுள்ள கரிமப் பொருள்களோடு சேர்ந்து அது டிரைஹேலோமீத்தேன் போன்ற வேண்டாத சேர்மங்களை உண்டாக்கும். வெளியேறும் நீர் கலக்கும் ஆற்றில் உள்ள மீன்களுக்கும் நல்லதல்ல.

இந்த இடத்தில்தான் பாக்டீரியா வருகிறது. நியூயார்க் மாநில அருங்காட்சியகத்தின் ஆய்வாளர் டேனியல் மொல்லாய் தலைமையிலான குழு நூற்றுக்கணக்கான பாக்டீரியா வகைகளைச் சோதித்து, சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் இனத்தைச் சேர்ந்த சிஎல்145ஏ என்ற ஒரு வகையைத் தேர்ந்தெடுத்தது. மண்ணிலும் நீரிலும் வேர்களைச் சுற்றியும் இயல்பாக வாழும் இனம் அது. மட்டி அதை எதிரியாக அடையாளம் காண்பதில்லை. உணவு என்று நினைத்து ஓடுகளைத் திறந்தபடியே நீரிலிருந்து வடிகட்டி விழுங்குகிறது. பாக்டீரியா செல்லுக்குள் இருக்கும் நச்சு, மட்டியின் செரிமானச் சுரப்பியின் உட்படலத்தைச் சிதைத்துவிடுகிறது. சில நாள்களிலிருந்து சில வாரங்களுக்குள் மட்டி இறந்துவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. பாக்டீரியா உயிரோடு இருக்கவேண்டிய அவசியமே இல்லை. இது மட்டியைத் தாக்கும் தொற்றுநோய் கிடையாது. செத்த செல்களும் அதே வேலையைச் செய்கின்றன. எனவே செக்வனாக்ஸ் என்ற பெயரில் வந்த தயாரிப்பு செத்த செல்களால் ஆனது. நீரில் பெருகிப் பரவி வேறொரு சிக்கலாக மாறிவிடுமோ என்ற பயம் தேவையில்லை. ஒரு படையெடுப்பை அடக்க இன்னொரு உயிரை அவிழ்த்துவிட்டுப் பிறகு வருந்திய கதைகள் உயிரியல் கட்டுப்பாட்டின் வரலாற்றில் நிறைய உண்டு என்பதால், இதன் மதிப்பு என் கண்ணில் மிகப் பெரியது.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை வேறு. முதலில் நீரின் வெப்பநிலை. குளிர்ந்த நீரில் மட்டி மெதுவாகவே வடிகட்டும். உள்ளே போகும் மருந்தும் குறையும், சாவும் தாமதமாகும். பராமரிப்பு நிறுத்தம் குளிர்காலத்தில்தான் வருகிறது என்பதற்காகச் சிகிச்சையையும் அப்போது வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கும் மேலாளர்களுக்கு நான் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: மட்டி சாப்பிடும் காலத்தில் கொடுங்கள். அதே நாளில் குளோரினும் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. ஓடினால் மட்டி மூடிக்கொண்டுவிடும். செலவழித்த பொடி அத்தனையும் நீரோடு வீணாக ஓடிப் போய்விடும்.

குழாயிலிருந்து சிறு கிளை எடுத்து ஒரு தொட்டிக்குள் நீரை ஓடவிட்டு, அதில் உயிருள்ள மட்டிகளை வைத்துக் கண்காணிப்பது மிகவும் அவசியம். குழாயின் உட்புறத்தை நாம் பார்க்க முடியாது, தொட்டியைப் பார்க்கலாம். மருந்து போகும் நேரத்தில் அவை திறந்திருக்கின்றனவா, எத்தனை நாளில் சாகின்றன என்பதை அந்தத் தொட்டி சொல்லிவிடும்.

பலர் மறந்துவிடுவது சிகிச்சைக்குப் பின் வரும் நாள்களை. செத்த மட்டிகளின் பிடி தளர்ந்து ஓடுகள் கொத்துக்கொத்தாகக் கழன்று வரும். வடிகட்டிகளிலும் வெப்பப் பரிமாற்றிகளின் மெல்லிய குழல்களிலும் போய் அடைக்கும். வளர்ந்த பெருங்கூட்டத்தை ஒரேயடியாகக் கொல்வதைவிட, ஒட்டிய சில வாரங்களிலேயே, சிறியதாக இருக்கும்போதே கொன்றுவிடுவது மேல்.

சரி, இவ்வளவு நல்ல மருந்தை ஏரி முழுவதும் போட்டால் என்ன? ஆர்வத்தோடு இதைக் கேட்பவர்களுக்கு ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுவேன். திறந்த நீர்நிலையில் பயன்படும் அளவு ஒரு லிட்டருக்கு 100 மில்லிகிராம் வரை போகும். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பும் சராசரியாக 5 மீட்டர் ஆழமும் உள்ள சிறிய ஏரியில் 500 கோடி லிட்டர் நீர் இருக்கும். அதற்கு 500 டன் செத்த பாக்டீரியா தேவை! விலையை விடுங்கள், அத்தனை கரிமப் பொருளும் மக்கும்போது நீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். செத்த மட்டிகள் அழுகுவது அதற்கு மேல். நாட்டு மட்டிகளுக்கும் பல மீன்களுக்கும் இது பெரிய தீங்கு செய்யவில்லை என்று சோதனைகள் காட்டினாலும், அதிக அளவில் டிரவுட் போன்ற குளிர்நீர் மீன்கள் பாதிக்கப்பட்டதும் பதிவாகியிருக்கிறது.

அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2014இல் திறந்த நீர்நிலைகளிலும் செக்வனாக்ஸை அனுமதித்தது. அதே ஆண்டு மினசோட்டாவின் கிறிஸ்துமஸ் ஏரியில் படகுத்துறையை ஒட்டிய சிறு பகுதியில் வரிக்குதிரை மட்டிகள் தெரிந்தன. அந்தப் பகுதியைத் திரை கட்டிப் பிரித்து முதலில் இந்தப் பாக்டீரியாவையும், பிறகு செம்பு மருந்தையும், பொட்டாசியம் குளோரைடையும் பயன்படுத்தினார்கள். சிகிச்சை செய்த இடம் சுத்தமானது. ஆனால் 2015இல் அதற்கு வெளியே மட்டிகள் கிடைத்தன. வர்ஜீனியாவின் மில்புரூக் கல்குவாரியில் 2006இல் பொட்டாசியம் குளோரைடால் முழுமையாக ஒழிக்க முடிந்தது. ஆறுகளோடு தொடர்பில்லாத, எல்லை வகுத்த சிறு குளம் என்பதால் அது சாத்தியமானது. பொட்டாசியம் நாட்டு மட்டிகளையும் கொல்லும் என்பதால் எல்லா இடத்திலும் அதைப் போட முடியாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். வேளாண்மையில் விதை நேர்த்திக்காக விற்கப்படும் சூடோமோனாஸ் பொடி இனத்தால் இதற்கு உறவு, வகையால் வேறு. அதை வாங்கி மட்டி பிடித்த தொட்டியிலோ குளத்திலோ கொட்டாதீர்கள். மட்டி சாகும் என்ற உறுதி இல்லை, நீர் கெட்டு மீன்தான் சாகக்கூடும். நீர்நிலையில் எந்த மருந்தையும் இட அரசின் அனுமதி வேண்டும் என்பதும் பெரும்பாலான நாடுகளில் சட்டம்.

படகு வைத்திருப்பவர்கள் நீரைவிட்டு ஏற்றியதும் ஒட்டியிருக்கும் பாசி, சேறு எல்லாவற்றையும் அகற்றுங்கள். எஞ்சின், மீன்தொட்டி, அடித்தளம் எங்கேயும் ஒரு துளி நீர் தேங்காமல் வடியுங்கள். அடுத்த நீர்நிலைக்குப் போகும் முன் முழுவதும் காயவிடுங்கள். காய அவகாசம் இல்லையென்றால் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் நீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள்.

மீன்தொட்டி வளர்ப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2021இல் அமெரிக்கக் கடைகளில் அலங்காரத்துக்கு விற்ற பாசி உருண்டைகளுக்குள் வரிக்குதிரை மட்டிகள் இருந்தது தெரியவந்தது. உங்கள் தொட்டியில் அப்படி எதையாவது கண்டால், உருண்டையை ஒரு நாள் முழுக்க உறைய வையுங்கள் அல்லது கொதிக்கும் நீரில் ஒரு நிமிடமாவது போட்டு வைத்து எடுங்கள். பிறகு மூடிய பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். தொட்டி நீரைக் கிருமிநீக்கம் செய்யாமல் சாக்கடையிலோ ஓடையிலோ விடாதீர்கள். மட்டியைப் படம் எடுத்து உள்ளூர் மீன்வளத் துறைக்கும் அனுப்புங்கள்.