ஞானத்தாய், ஞானத்தகப்பன் பேரை வச்சு ஒரு ஊரைப் படிக்கிறது எப்படி?

திருகோணமலையில பழைய கத்தோலிக்கக் குடும்பங்களில ஞானஸ்நானச் சேட்டிபிகேட்டைப் பத்திரமா வச்சிருப்பினம். பரம்பரை தேடுற ஆக்கள் அதில பிள்ளைட பேர், தாய் தகப்பன், திகதி எல்லாத்தையும் கொப்பி பண்ணிட்டு ஞானப்பெற்றோர் (ஞானஸ்நானத்தில பிள்ளைக்குப் பொறுப்பா நிக்கிற ஞானத்தாய், ஞானத்தகப்பன்) பேரை மட்டும் விட்டுடுவினம், எனக்கு அது சரியான கவலை. ஏனெண்டா பெத்தவையை ஒருத்தரும் தெரிவு செய்யிறேல்ல, ஞானப்பெற்றோரைத் தெரிவு செய்யினம். தீவு, துறைமுகம் மாதிரி எல்லாரும் எல்லாருக்கும் சொந்தமான சின்ன இடங்களில ஆர் ஆரை நம்பிச்சினம், ஆற்ற தயவு தேவைப்பட்டது எண்டு இரத்த உறவு காட்டாது, இந்தப் பேர் காட்டும்.

ஆய்வு செய்யிறவை ஒவ்வொரு பதிவுக்கும் பிள்ளைட குடும்பத்தில இருந்து ஞானத்தகப்பன் குடும்பத்துக்கு ஒரு கோடு போடுவினம், அம்பது வருசப் பதிவை இப்படிப் போட்டா ஊரே ஒரு வலையா வந்து நிக்கும். ரெண்டு குடும்பமும் மாறி மாறிக் கேட்டிருந்தா சமமான ஆக்கள். பத்துப் பதினைஞ்சு மீன்பிடிக் குடும்பம் ஒரே சம்மாட்டியை (தோணி, வலை வச்சிருக்கிற முதலாளியை) ஞானத்தகப்பனா நிக்கக் கேட்டு, அவர் ஒரு நாளும் அவையைத் திருப்பிக் கேக்காட்டி அங்க தோணி, வலை, கடன் எல்லாம் ஆற்ற கையில எண்டு யோசிக்கலாம். (யோசிக்கலாம் எண்டுதான் சொல்லுறன், காணி உறுதி மாதிரி வேற பதிவோட ஒப்பிடாம முடிவெடுக்கக் கூடாது.)

1563இல திரிதெந்து பொதுச்சங்கம் (கத்தோலிக்க ஆயர்மார் கூடிச் சட்டம் போட்ட சங்கம்) ஒரு பிள்ளைக்கு ஞானப்பெற்றோரா ஒருத்தர், மிஞ்சினா ஒரு ஆணும் ஒரு பெண்ணும்தான் எண்டு கட்டுப்படுத்திச்சு, கலியாணத்தையும் பங்குச் சாமியாரும் ரெண்டு மூண்டு சாட்சியும் முன்னால நிண்டுதான் செய்யோணும், பதியோணும் எண்டுது. அதுக்கு முதல் சில இடங்களில ஒரு பிள்ளைக்குக் கூட்டமா நிண்டவை, இடம் குறைஞ்ச பிறகு தெரிவு செய்த பேருக்குக் கனம் கூடிச்சு.

இன்னொண்டும் இருக்கு. ஞானஸ்நானத்தால வாற ஞான உறவு அந்தக் காலத்தில கலியாணத்துக்குத் தடையா இருந்தது. ஞானத்தகப்பன் அந்தப் பிள்ளையையும் கட்டேலாம இருந்தது, பிள்ளைட தாய் விதவையானா அவவையும் கட்டேலாம இருந்தது. ஆனா 1563க்குப் பிறகு அவற்ற மகன் அந்தப் பிள்ளையைக் கட்ட ஞான உறவு குறுக்க நிக்கேல்ல. மச்சான் மச்சாள் கலியாணம் செய்யிற எங்கட ஆக்களுக்கு இது பெரிய விசயம், அதுக்கு இரத்த உறவுத் தடைக்கு மட்டும் திருச்சபையிட்ட விலக்கு வாங்கினாக் காணும். ஞான உறவுத் தடையை 1917 திருச்சபைச் சட்டம் இன்னும் சுருக்கி, 1983 திருச்சபைச் சட்டம் எடுத்தே விட்டுது.

கலியாணச் சாட்சியில கவனம் வேணும். வருசக்கணக்கா ஒரே பேர் வந்தா அவர் கோயில்ல வேலை செய்யிறவரா இருக்கலாம், வலையில சேர்த்தா அவர்தான் ஊர்ப் பெரியவர் மாதிரித் தெரிவார். சாட்சி கையெழுத்து வச்சாரா, புள்ளடி போட்டாரா எண்டதும் படிப்பைப் பற்றி ஒரு தடயம்.

எங்கட பதிவில கஷ்டம் பேர்தான். சூசை, அந்தோனி, மரியாள் திரும்பத் திரும்ப வரும், தகப்பன்ட பேர் முன்னால நிக்கிறதால தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அந்தோனி மகன் சூசை ரெண்டு பேர் இருந்தா அவையைப் பிரிச்சுக் காட்டுறதும் ஞானப்பெற்றோர் பேர்தான். திருகோணமலைப் பாலையூற்றில இருக்கிற பறங்கியருக்கு (ஐரோப்பிய வழி வந்த ஆக்களுக்கு) குடும்பப் பேர் நிலையானது, பின்தொடர லேசு. அவையிட பிள்ளையளுக்குத் தமிழ் ஆக்கள் எப்ப இருந்து ஞானப்பெற்றோரா நிண்டவை, தமிழ்ப் பிள்ளைக்குப் பறங்கியர் நிண்டவையா எண்டு பார்த்தா, கலியாணக் கலப்புக்கு முதலே ரெண்டு சனமும் எவ்வளவு நெருங்கிச்சினம் எண்டு வருசத்தோட சொல்லலாம்.