புரோட்டான் சிகிச்சைக்குக் கிளம்பும் முன்

"ஏனுங்க டாக்டர், மெட்ராசுல புரோட்டான்னு ஒண்ணு இருக்குதாமுங்க, அதுல வெச்சா வலியே இருக்காதாமுங்களே?" கோவையில் கதிர்வீச்சுப் புற்றுநோய் மருத்துவராக இருக்கும் என்னிடம் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. வலி விஷயத்துக்குப் பதில் சுலபம். இங்கே நாங்கள் வைக்கும் கரண்டும், அதாவது வழக்கமான கதிர்வீச்சுச் சிகிச்சையும், வைக்கிறபோது வலிக்காது. மற்றதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வழக்கமான கருவியில் வருவது எக்ஸ்ரே. தோலில் நுழைந்து, கட்டியைக் கடந்து, மறுபக்கமாக வெளியேறும். போகிற வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் ஆற்றலை இறக்கிக்கொண்டே போகும். புரோட்டான் அப்படியல்ல, அது எடையுள்ள துகள். சைக்ளோட்ரான் என்ற முடுக்கி இயந்திரம் அதை ஒளியின் வேகத்தில் பாதிக்கு மேல் முடுக்கி அனுப்பும். உடலுக்குள் குறித்த ஆழம் வரை போய், ஆற்றலில் பெரும்பங்கைக் கடைசியில் கொட்டிவிட்டு நின்றுவிடும். அதற்கு அப்பால் அநேகமாக ஒன்றும் போகாது. 1946இல் ராபர்ட் வில்சன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் முன்வைத்த யோசனை இது. 1954இல் பெர்க்லியில் முதல் நோயாளிக்குக் கொடுத்தார்கள். நம் நாட்டுக்கு வர 2019 ஆனது, சென்னை தரமணியில் அப்போலோ ஆரம்பித்தது. அப்புறம் 2023இல் நவி மும்பை கார்கரில் டாடா நினைவு மையமும் தொடங்கியது.

யாருக்கு இது உண்மையிலேயே தேவை? முதலில் குழந்தைகள். சிலவகை மூளைக் கட்டிகளில் தலையோடு முதுகுத்தண்டு முழுவதற்கும் கதிர் கொடுக்க வேண்டியிருக்கும். எக்ஸ்ரே என்றால் முதுகு வழியாகப் போய் இதயம், நுரையீரல், குடல் எல்லாவற்றையும் தொட்டுவிட்டுத்தான் வெளியே வரும். அடுத்து மண்டையோட்டின் அடித்தளத்தில் வருகிற கார்டோமா போன்ற கட்டிகள், முன்பே கதிர் வாங்கிய இடத்தில் திரும்ப வந்தவை. புரோஸ்டேட்டுக்கும் கேட்கிறார்கள். 2024இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, நல்ல நவீன எக்ஸ்ரே சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது குடல், சிறுநீர்த் தொல்லைகளில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை என்றது. பல உறுப்புகளுக்குப் பரவிவிட்ட நோய்க்குப் பெரும்பாலும் இது பொருந்தாது. செலவோ பல லட்சம். ஆகவே தோட்டத்தை விலை பேசுவதற்கு முன்னால் உங்கள் மருத்துவரிடம் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "என் கட்டிக்கு, சாதாரண கரண்டைவிட இதில் எனக்கு எது மிச்சமாகும்?" எந்த உறுப்பு தப்பிக்கிறது என்று பெயர் சொல்லிப் பதில் வர வேண்டும்.

சரி, தேவைதான் என்று முடிவாகிவிட்டது. சென்றதுமே கதிர் வைத்துவிட மாட்டார்கள். தலை, கழுத்துக்கு என்றால் முதலில் தலை அசையாமல் பிடிக்க ஒரு முகமூடி. வெந்நீரில் இளகிய வலைபோன்ற பிளாஸ்டிக் தகட்டை முகத்தில் இழுத்துப் படிய வைப்பார்கள். வெதுவெதுப்பாக இருக்கும். சில நிமிடங்களில் இறுகிவிடும், ஓட்டைகள் வழியே மூச்சு விடலாம். அதோடு சிடி ஸ்கேன், சிலருக்கு எம்ஆர்ஐ. எங்கே எவ்வளவு கதிர் என்ற திட்டம் தயாராக ஒன்றிரண்டு வாரம் ஆகும். பிறகு வாரத்துக்கு ஐந்து நாள், பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு வாரம்.

அறையில் அரைமணி முதல் முக்கால் மணி நேரம் இருப்பீர்கள். அதில் கதிர் பாய்வது சில நிமிடங்கள்தான், மீதி நேரமெல்லாம் நிலையைச் சரிபார்க்கப் போகும். ஒரே சைக்ளோட்ரானிலிருந்து இரண்டு மூன்று அறைகளுக்கு மாறி மாறிக் கதிர் அனுப்புவார்கள். பக்கத்து அறைக்காரருக்கு முடியும் வரை அசையாமல் காத்திருக்க நேரலாம். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் பதற்றம் வராது. உள்ளே தனியாக இருந்தாலும் கேமராவில் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள், கையைத் தூக்கினால் ஓடி வருவார்கள். சின்னக் குழந்தைகளுக்கு அன்றாடம் மயக்க மருந்து வேண்டியிருக்கும். வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்பதால் காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள்.

இனிதான் நம் ஊர்க்காரர்களுக்கு நான் அழுத்திச் சொல்லும் விஷயம். புரோட்டான் குறித்த ஆழத்தில் நிற்கும் என்றேன் அல்லவா? அந்தக் கணக்கு ஸ்கேன் எடுத்த அன்றைக்கு இருந்த உடலுக்குப் போட்டது. நடுவில் உடல் மாறினால் நிற்கிற இடமும் மாறும். எடை குறைந்து கன்னம் ஒட்டினாலும், சளி பிடித்து மூக்கை ஒட்டிய சைனஸ் அறைகள் நிறைந்தாலும் கணக்கு பிசகும். அதனால்தான் இடையில் மறுபடி ஸ்கேன் எடுக்கிறார்கள். நோய் கூடிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

தலை, கழுத்துச் சிகிச்சை என்றால் பழனிக்கு மொட்டை வேண்டுதலை முகமூடி செய்வதற்கு முன்பே முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் சிகிச்சை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் முடி போனால் முகமூடி தொளதொளவென்று ஆடும். பெண்கள் முதல் நாள் முடியை எப்படிக் கட்டினார்களோ தினமும் அப்படியே கட்ட வேண்டும், கொண்டையின் தடிமன்கூடக் கணக்கில் சேரும். கதிர் போகும் வழியில் உலோகம் இருக்கக்கூடாது. கழுத்துக்கு என்றால் தாலிக்கொடியைக் கழற்றச் சொல்வார்கள். கண் கலங்காத அம்மிணிகள் குறைவு. வெறும் மஞ்சள் கயிறு போதுமா என்று அங்கேயே முதல் நாள் கேட்டுவிடுங்கள். பல்லைப் பிடுங்க வேண்டியிருந்தால் அதுவும் தொடங்குவதற்கு முன்பே.

பக்கவிளைவே இருக்காது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். தோல் சிவக்கும், கருக்கும். கதிர் படுகிற இடத்தில் முடி கொட்டும், அசதி வரும். வாய், தொண்டை என்றால் புண்ணும் வரும். தோலில் மஞ்சள் அரைத்துப் பூச வேண்டாம், அங்கே தருகிற களிம்பு போதும். வாய்ப்புண்ணுக்குப் பயந்து பட்டினி கிடந்தால் எடை இறங்கும், திட்டத்தையே திரும்பப் போட வேண்டிவரும். அரிசிம்பருப்புச் சோற்றைக் குழைய வேகவைத்து நெய் விட்டு, காரமில்லாமல். முட்டை, தயிர், ராகிக் கூழ். இறங்கவே இல்லை என்றால் மூக்கு வழியாகக் குழாய் வைப்பதற்கும் மறுக்காதீர்கள்.

சனி, ஞாயிறு விடுமுறை. வெள்ளி ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸ் பிடித்து ஈரோட்டிலோ திருப்பூரிலோ இறங்கிவிடலாம் என்று தோன்றும். கீமோவும் சேர்ந்து போகிறவர்கள் தவிர்ப்பது நல்லது. ஊருக்கு வந்தால் பேரன் பேத்தியைத் தாராளமாகத் தூக்கலாம், உங்கள் உடம்பிலிருந்து யாருக்கும் கதிர் பரவாது.

முடிந்து கிளம்பும்போது சிகிச்சைச் சுருக்கத்தோடு திட்டத்தின் கணினிக் கோப்பையும் குறுவட்டில் கேட்டு வாங்குங்கள். நாளைக்குப் பக்கத்தில் எங்காவது மறுபடி கதிர் வைக்க வேண்டிவந்தால், எந்த இடத்துக்கு எவ்வளவு போயிருக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். காகிதத்தைப் படமெடுத்து அனுப்பினால் போதாது, அந்தக் கோப்பே வேண்டும்.