சம்மட்டிச் சத்தம் தலைமுறை தாண்டும் விதம்

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அப்பன் பாட்டன் பட்ட கடன் வாரிசின் தலையில் இறங்கி, அதற்காக உழைப்பதையும் அந்தச் சட்டம் கொத்தடிமைக் கணக்கில்தான் சேர்க்கிறது. மதுரை மேலூர்ப் பக்கக் கல்கிடங்கில், அதாவது கல்குவாரியில், தாத்தா வாங்கிய முன்பணம் பேரன்வரை துரத்துவதைக் குறும்படமாக எடுத்தால், அந்தத் துரத்தலை வசனத்தைவிடச் சத்தத்தில் காட்டுவது நல்லது. சங்கிலி, சவுக்கு, அழுகிற வயலின் எதுவும் வேண்டாம். ஒரு சம்மட்டி அடி போதும்.

அதைப் பிடிப்பதுதான் சிரமம். அடியின் உச்சம் சில மில்லிவிநாடியில் வந்து போய்விடும். பேச்சுக்கு வைத்த கெயினிலேயே, அதாவது ரெக்கார்டர் சத்தத்தைப் பெருக்கும் அளவிலேயே, பதிந்தால் உச்சி வெட்டுப்பட்டு, கருங்கல் தகர டப்பா மாதிரி கேட்கும். ரெக்கார்டரை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் வையுங்கள். மீட்டரில் பூஜ்யத்தைத் தாண்டினால் வெட்டுப்படும்; உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டக் கூடாது. இரண்டாவது சேனலில் இன்னும் 12 டெசிபல் குறைத்து ஒரு காப்புப் பதிவு ஓடட்டும். உரத்த சத்தத்தையும் வெட்டாமல் பதியும் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் இருந்தாலும் அசட்டை கூடாது; மைக்கே திணறிவிட்டால் ரெக்கார்டர் என்ன செய்யும்? மைக் இரண்டு மீட்டர் தள்ளி, சில்லு தெறிக்காத பக்கமாக நிற்கட்டும். ஆடிக் காற்றுக்கு ஸ்பாஞ்ச் உறை பத்தாது, ரோம உறை வேண்டும். முழுக்கல் 'ணங்' என்று ஒலிக்கும், உள்ளே வெடிப்பு ஓடிய கல் 'சொத்' என்று அடங்கும். இரண்டையும் எடுத்து வையுங்கள்.

இந்த அடியைக் கிடங்குக்குள் பதியக் கூடாது, சுவரே இல்லாத பொட்டலில் பதிய வேண்டும். எதிரொலி ஒட்டிவிட்டால் பிறகு உரிக்க முடியாது. 30 டிகிரி வெக்கையில் ஒலி விநாடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். கிடங்குச் சுவர் 35 மீட்டரில் இருந்தால் எதிரொலி திரும்ப 0.2 விநாடி. வேலை நடக்காத நேரத்தில் அங்கே பெரிய பலூன் ஒன்றை உடைத்துப் பதிந்து, ஓர் இடத்தின் எதிரொலியை வேறு சத்தத்துக்குப் போர்த்தும் கன்வல்யூஷன் ரீவெர்ப் மென்பொருளில் ஏற்றினால் எந்தச் சத்தமும் அந்தக் கிடங்குக்குள் போய் நின்றுகொள்ளும். பேரன் வீட்டுக் கூடத்திலும் அப்படியே ஒரு பலூன்.

தாத்தா காட்சியில் அடிக்குக் கிடங்கின் எதிரொலி. பேரன் காட்சியில் அதே அடிக்குக் கூடத்தின் முழக்கம். கிரானைட் மேடையில் அவன் டம்ளரை வைப்பதற்குச் சில ஃப்ரேம் முன்னால் அது விழட்டும். வீட்டுக்குள்ளேயே கல் உடைகிறது என்று காது நம்பிவிடும்.

தூரத்து ஷாட்டில் எடிட்டர்கள் வழக்கமாக ஒரு தப்புச் செய்வார்கள். 100 மீட்டர் தள்ளி அடிக்கும் ஆளின் சத்தம் விநாடிக்கு 24 ஃப்ரேம் கணக்கில் கிட்டத்தட்ட 7 ஃப்ரேம் பிந்தித்தான் வரும். அதைப் படத்தோடு ஒட்டவைத்தால் தூரம் செத்துவிடும். வால்யூமை மட்டும் குறைத்தாலும் அதே கதிதான். கூர்மையான மேல் அலைகளையும் கொஞ்சம் வெட்ட வேண்டும்.

குறும்படத்தைப் பலரும் செல்போனில்தான் பார்ப்பார்கள். அடியில் இருக்கும் 60 ஹெர்ட்ஸ் கனத்த அதிர்வு அந்தச் சின்ன ஸ்பீக்கரில் வரவே வராது. ஒலியைக் கொஞ்சம் கரகரப்பாக்கும் சாச்சுரேஷன் லேசாகப் போட்டு 200 முதல் 400 ஹெர்ட்ஸுக்குள் அதன் மடங்கு அலைகளை எழுப்பி, பெரியார் பஸ் ஸ்டாண்ட் இரைச்சலில் ஒருமுறை போனில் போட்டுக் கேட்டுவிட்டு மிக்ஸை முடியுங்கள்.